புழைக்கடைத் தீக்குழி குறித்துக் கணவாய்க் காவலருக்கு விடுத்த ஓலை

ஏரிகள் நிறைக. நிறைந்த ஏரியின் கரைகள் நிலைக்க. வழி நடப்போர் அஞ்சாது நடக்க. ஆம்பல்நாடு முழுதுடைய செங்கதிர்வேள் மன்னர் நீடு வாழ்க.

அம்மன்னரின் முத்திரை காக்கும் பேரமைச்சன் தத்தங்கண்ணன், வடமலைக் கணவாய்க்குக் கதவும் தாழுமாய் நின்று நாட்டைக் காப்பவரும், பெயர் கேட்ட அளவிலே பகைவர் வழிமாறிச் செல்லும் வாள்வலி உடையவரும் ஆகிய ஏனாதி இறையனாருக்கு எழுதுவது. உம் கோட்டை மதில் உறுதியாய் நிற்க. உம் வீரரை நோய் அணுகாதிருக்க. கணவாயின் குளிர் இவ்வாண்டேனும் உம் முழங்கால்களுக்கு இரங்குக.

உம் குதிரைவீரன் கொணர்ந்த ஓலையை யாம் படிக்க மன்னர் கேட்டார். நம் அரசியாரின் உடன்பிறந்தவராகிய பனிக்கோட்டு நாட்டு இளவரசர் வரையன், படைக்கலம் ஏந்திய துணைவரோடு கணவாயில் இறங்கி, "என் தங்கச்சிய எரிக்கறதுக்குக் குழி வெட்டிட்டீங்களாமே! வழிய விடு!" என்று முழங்கியதாகவும், நீவிர் அவரை வளைத்துப் பிடித்துக் கட்டிவைத்ததாகவும் எழுதியிருந்தீர். அதன்பின் தலைநகரிலிருந்து வந்த வேறொருவன், எரிக்கப்பட்டவர் அரசியார் அல்லர், அரசியாரே மலைநாட்டு மாயத்தால் கல்லைத் தீயாக்கி மன்னரின் நெற்றியில் எறிந்தார் என்று கூறியதாகவும், இரண்டில் எது உண்மையென விளங்காமல் நீவிர் படையைத் திரட்டி நிறுத்தி, மலையேறித் தாக்கலாமா என்று ஆணை வேண்டி நிற்பதாகவும் எழுதியிருந்தீர்.

ஏனாதியாரே, இரண்டும் உண்மை அல்ல. ஆயினும் இரண்டும் காற்றில் முளைத்தவையும் அல்ல. தலைநகரில் இருந்து எல்லாவற்றையும் கண்ணால் கண்ட எமக்கே, நடந்தது இன்னதென்று கோவைப்படுத்த நெடும்பொழுது ஆயிற்று. தொலைவில் இருக்கும் உமக்குக் குழப்பம் நேர்ந்ததில் வியப்பில்லை. ஆகவே முதற்கண் படை ஓரடியும் நகராமல் நிறுத்தி, அதன்பின் இவ்வோலையை அமர்ந்து படிக்க.

கணவாய்க்காக இரு நாடுகளும் தலைமுறை தலைமுறையாய்ப் பொருததும், அப்பகை தீர உறைமதி நங்கையார் நம் மன்னரை மணந்து அரசியாராய் வந்ததும் நீவிர் அறிந்ததே. மணப்பல்லக்குக்குக் கணவாயில் வழித்துணை நின்றவரும் நீவிரே. அதன்பின் அரண்மனையில் நடந்ததை நீவிர் அறியீர். அரசியார் யாரோடும் பேசவில்லை. உணவைத் தொட்டு எழுந்தார். மாலை ஆனதும் அரண்மனையின் புழைக்கடைக்குப் போய், கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் இடையே வெறுந்தரையைப் பார்த்தபடி நின்றார். மலையிலிருந்து அவரோடு வந்த தோழி கூதளி ஒருத்தியே அவர் அருகில் நின்றாள். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று அரண்மனை மகளிர் தமக்குள் வினவிக்கொண்டனர். அவர்களை எவரும் வினவவில்லை.

ஒருநாள் மன்னர் தாமே சென்று, என்ன குறையென்று கேட்டார். அரசியார், "புழக்கடையில ஒரு தீக்குழி இருந்தா நல்லாருக்கும்" என்றார். மன்னர் "ஆகட்டும்" என்றார். அது என்ன, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மணமான புதிதில் மனைவி வாய்திறந்து கேட்ட முதற்பொருளை, "அது யாது?" என்று திருப்பிக் கேட்க எக்கணவனுக்கும் நா எழாது, ஏழு ஏரியும் ஆளும் மன்னருக்கு அறவே எழாது. அவர் எம்மை அழைத்து, அரசியார்க்குத் தீக்குழி அமைக்க என்றார். எத்தகைய குழி என்று யாம் பணிந்து வினவினோம். தீக்குழி என்றால் தீக்குழிதான் என்று மன்னர் சற்றே சினந்து விடையளித்தார். அவ்விடையின் பொருள் எமக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

குளிர் அறியாத நம் நாட்டில், அடுப்பையும் விளக்கையும் விடுத்து, வீட்டின் பின்னே வெறுமனே தீ மூட்டுவார் உண்டோ? யாம் அறிந்தோரை எல்லாம் வினவினோம். வேள்விச்சாலைத் தலைவர், அரச குலத்துப் பெண் வேண்டுவது மகப்பேற்று வேள்வியே அன்றி வேறன்று என்று உறுதி கூறினார். மடைப்பள்ளித் தலைவரோ, மலைநாட்டார் முழு ஆட்டைக் குழியில் புதைத்துச் சுடுவர் என்று தாம் கேள்வியுற்றதாகவும், ஆழம் ஓர் ஆள் அளவு வேண்டும் என்றும், ஆடுகளை இப்பொழுதே கொணர்வதா என்றும் கேட்டார். யாம் வேள்வித்தலைவரை நம்பினோம். நாற்சதுரமாய், மூன்று படி வைத்து, சுட்ட செங்கல்லால் குண்டம் எழுந்தது, பூவும் சூட்டினோம். அரசியார் வந்து பார்த்துக் கைகூப்பினார். பின்பு அதைச் சுற்றி வந்து, "இதுல எங்க உக்கார்றது?" என்று கூதளியிடம் மெல்லக் கேட்டார். குண்டத்தில் அமர்வதா! கேட்டு நின்ற வேள்வித்தலைவர் காதைப் பொத்திக்கொண்டு அகன்றார். அரசியார் அறைக்குள் சென்று கதவடைத்தார்.

இது அன்று என்பது மட்டும் தெரிந்தது. எது என்பது தெரியவில்லை. அப்பொழுது கொற்றவை கோயில் பூசாரி, புதிதாய் வந்த அரசியார் இந்நாட்டுத் தெய்வத்தின் முன் பூமிதித்து உறவு கொள்ள விரும்புகிறார், அதுவே அவர் வேண்டும் குழி என்று ஐயமின்றிக் கூறினார். ஐயமின்றிப் பேசுவோர் அரிதாய் இருந்த அந்நாளில் அவர் சொல் எமக்கு மருந்தாய் இனித்தது. சதுரக் குண்டம் தூர்ந்தது. அதன் அருகே நீண்ட குழி ஒன்று வெட்டப்பட்டது. வண்டி வண்டியாய் வேப்பங்கட்டை வந்து இறங்கியது.

ஊர் அதைக் கண்டது. அரண்மனையின் பின்னே ஆள் நீளத்துக்குக் குழி, அருகே விறகுமலை, உள்ளே அழுதுகொண்டிருக்கும் பகைநாட்டுப் பெண். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தோர்க்கு வேறென்ன தோன்றும்? துறையில் துணி வெளுப்போர் தொடங்கி, கடைத்தெரு முழுதும் ஒரே பேச்சாயிற்று. "அந்த மலைக்காரப் பொண்ணத் தீயில எறக்கப் போறாங்களாம், கற்பச் சோதிக்கறாங்களாம்" என்றார் சிலர். "இல்ல இல்ல, அதுவே விழப் போவுதாம்" என்றார் வேறு சிலர். இப்பேச்சு கூதளியின் காதில் விழுந்தது. அவள் உப்பு வணிகரின் கழுதைகளோடு கலந்து நகரை நீங்கிக் கணவாய் கடந்து, இளவரசர் வரையனிடம் ஓடி விழுந்தாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதை நீவிர் அறிக. கண்டதைக் கண்டபடியே சொன்னாள்.

தோழியைக் காணவில்லை என்ற செய்தி வந்த அன்று, யாம் அரசியாரைக் காண விடை வேண்டினோம். கதவு திறந்தது. யாம் முதுகை வளைத்து நின்று, அரசியார் வேண்டிய தீக்குழி யாது என்பதை அடியேன் அறியேன் என்றும், அதனை அருளிச்செய்ய வேண்டும் என்றும் விண்ணப்பித்தோம்.

அதற்கு அரசியார் சொன்னதை யாம் சொல்மாறாமல் எழுதுகிறோம். எம் நடையில் எழுதினால் அதன் சூடு ஆறிவிடும்.

"நான் கேட்டதா? நான் கேட்டது எப்பவோ மறந்துட்டீங்கன்னு நெனச்சேன், அய்யா. நாலு மூலையா ஒண்ணு கட்டினீங்க, பூ வச்சீங்க. அது உங்க சாமிக்குன்னு நெனச்சேன். அப்புறம் ஆள் நீளத்துக்கு ஒண்ணு வெட்டினீங்க. அது எனக்கோன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் கேக்கல."

ஏனாதியாரே, அவையில் எத்தனையோ தூதர்க்கு விடை கூறியவன் யான். அன்று யாம் அவர் சன்னலருகே சென்று அக்குழியைப் பார்த்தோம். இளம்பெண் ஒருத்தி தனக்கு வெட்டிய குழியென்று எண்ணி, அதனைச் சன்னல் வழியே நாள்தோறும் பார்த்துக்கொண்டு, நாம் அனுப்பிய உணவைத் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறாள். நாமோ அவள் மனம் குளிரவே அதனை வெட்டிக்கொண்டிருந்தோம். எம் முகம் எவ்வாறு மாறிற்றோ அறியோம். அரசியார்தாம் எமக்கு நீர் கொடுத்து அமரச் சொன்னார்.

அதன்பின் அவர் விளக்கினார். பனிக்கோட்டு நாட்டில் வீடு என்றால் பின்புறம் ஒரு தீக்குழி உண்டாம். வட்டமானது, முழங்கால் ஆழம், சுற்றிலும் கல். மாலையில் வீட்டார் அனைவரும் அதைச் சூழ்ந்து அமர்ந்து அன்றன்றைய செய்தியைப் பேசுவராம். சினமிருந்தால் அதுவும் அங்கேயே சொல்லப்படுமாம். அது வழிபாடோ என்று கேட்டோம், இல்லை என்றார். சமைப்பதற்கோ என்றோம், கிழங்கு சுடலாம், ஆனால் அதற்கன்று என்றார். பின் எதற்கு என்றோம். "சும்மா உக்கார்றதுக்கு" என்றார். "இங்க எல்லாரும் ராசாவப் பாத்து வரிசையா உக்கார்றீங்க. முன்னாடி இருக்கறவங்க முதுகப் பாத்துக்கிட்டு என்னத்தப் பேசறது?" என்றும் கேட்டார்.

அன்றே நீண்ட குழியைத் தூர்க்கச் செய்தோம். புதிய குழிக்கு இடம் தேர்வதில் மீண்டும் குழப்பம். தீ என்றால் தென்கிழக்கு மூலையே உரியது என்று மனைநூல் அறிந்தோர் வாதிட்டனர். அம்மூலையில் வைக்கோற்போர் நின்றது. அரசியார் அதைப் பார்த்துவிட்டு, "மூலைய விடுங்க, காத்தப் பாருங்க" என்றார். கூரைக்கும் கொட்டிலுக்கும் எட்டாத தொலைவில், மேலே கிளை கவியாத இடத்தில், மாலைக்காற்று வீட்டை நோக்கி வீசாத பக்கமாய்த் தாமே குதிகாலால் வட்டம் கீறினார். மழைநீர் தேங்காமல் இறங்கும்படி அடியில் சரளையும் மணலும் பரப்பச் சொன்னார். சுற்றிலும் கல் அடுக்கச் சொன்னார். எந்தக் கல் என்று சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. கல் என்றால் கல்தானே என்று எண்ணினோம்.

அரண்மனைப் பணித்தலைவன் செந்நாகன், அரசியார் அமரும் இடம் என்ற அன்பினால், ஆற்றின் அடியிலிருந்து கருத்து வழவழத்த கற்களைத் தேர்ந்தெடுத்தான். அவற்றை மஞ்சள்நீரில் குளிப்பாட்டி ஈரம் உலராமலே வட்டமாய் அடுக்கினான். அத்துணை அழகிய கல்வட்டத்தை யாம் கண்டதில்லை. மாலை வந்தது. மன்னர் வந்தார். அரசியார் வந்து முதன்முறையாய்ச் சிரித்தார். கல்லைப் பார்க்கவில்லை, மன்னரையே பார்த்தார். அவையோர் சிலரும் யாமும் உடன் வந்தோம். எங்கே அமர்வது என்பது தெரியவில்லை. வட்டத்துக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. யாம் கடைசி இருக்கையைத் தேடி இருமுறை சுற்றி வந்தோம்; "அய்யா, குந்துங்க" என்று அரசியார் சொன்ன பிறகே அமர்ந்தோம்.

தீ எரியத் தொடங்கிச் சற்று நேரத்தில் கல்லுக்குள்ளிருந்து சீறும் ஓசை எழுந்தது. அரசியார் அப்பொழுதுதான் குனிந்து கற்களைக் கண்டார். அவர் "எந்திரிங்க!" என்று கூவி எழுவதற்குள் ஒரு கல் இடிபோல் வெடித்தது. அதன் சில்லு பறந்து மன்னரின் இடப்புருவத்துக்கு மேல் வெட்டியது. குருதி கண்ணில் வழிந்தது. மெய்க்காவலர் ஒருவர் அரசியாரின் கையைப் பின்னே முறுக்கிப் பிடித்தார். மற்றொருவர் வாளை உருவினார். "சூனியக்காரி!" என்று எவனோ கத்தினான். உமக்கு இரண்டாவது செய்தி கொணர்ந்தவன் அக்குரலைக் கேட்டுவிட்டு, மற்றதைப் பாராமலே குதிரை ஏறிவிட்டான் என்று இப்பொழுது தெரிகிறது.

அவன் பாராததை நீவிர் கேட்க. மன்னர் ஒரு கண்ணை மூடியபடி எழுந்து, "கையை எடு. வெடித்தது கல்" என்றார். காவலர் விட்டார். விடுபட்ட பெண் எவளாயினும் வாயிலை நோக்கித்தான் ஓடுவாள். அரசியார் மன்னரை நோக்கி ஓடி, தம் முன்றானையைக் கிழித்து அவர் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்தார். அழுதுகொண்டே, "ஆத்துக்கல்லயா போட்டீங்க? உள்ள தண்ணி இருக்குமே! எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஆத்துக்கல்லத் தீயில வைக்கக் கூடாதுன்னு. அதனால சொல்லணும்னே தோணல" என்றார்.

எல்லோரும் மன்னரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொல்லில் போர் மூளும், ஒரு சொல்லில் அடங்கும் என்ற நிலை அது. மன்னர் அமர்ந்தார். "அப்படியானால் எந்தக் கல் வேண்டும்?" என்று கேட்டார்.

மறுநாள் நெற்றிக்கட்டோடு மன்னரும் உடன் அரசியாரும் நகருக்கு மேற்கே உள்ள வறண்ட பாறைமேட்டுக்குச் சென்றனர். நெடுங்காலமாய் நீர் காணாத கற்களாய்ப் பார்த்து, தட்டிப் பார்த்து, பிளவுற்றதைத் தள்ளி, இருவருமே தேர்ந்தனர். உட்புறத்துக்குச் சூளையில் நன்கு வெந்த செங்கல்லே போதும் என்று அரசியார் சொல்ல, மன்னரே அடுக்கினார். ஒருபுறம் கோணலாய் இருக்கிறது, எவரும் திருத்தத் துணியவில்லை. முதலில் சிறுதீயாய் மூட்டிக் கல்லின் ஈரத்தை வாங்கி, அதன்பின்னரே பெருந்தீ மூட்டினர். யாம் மட்டும் கேடயம் ஒன்றைப் பின்னால் மறைத்து வைத்திருந்தோம். கல் வெடிக்கவில்லை.

அத்தீயின் முன் பேசப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் உமக்கு எழுத மன்னர் விடையளித்துள்ளார். தாம் மணமகளாய் வந்தாரா, பிணையாய் வந்தாரா என்று இன்றளவும் தெரியாமல் இருப்பதாக அரசியார் கூறினார். அரசியார் கையால் தரும் உணவை உண்ண வேண்டா என்று தமக்கு அறிவுரை தரப்பட்டதாகவும், அதனை நம்பவும் நம்பாதிருக்கவும் இயலாமல் பசியோடு உறங்கிய நாள் உண்டென்றும் மன்னர் கூறினார். அவ்வறிவுரையைத் தந்த அவையோர் இருவர் எதிரிலேயே அமர்ந்திருந்தனர். அவர்கள் விறகைச் சரிசெய்வதில் மிகவும் கருத்தாய் இருந்தனர். அரசியார் ஒரு கிழங்கைத் தணலிலிருந்து எடுத்து, ஊதி, பிட்டுக் கொடுத்தார். மன்னர் உண்டார். பின்பு இருவரும் எதற்கோ சிரித்தனர். எதற்கென்று எமக்குத் தெரியவில்லை, யாமும் சிரித்தோம்.

இவ்வளவும் கண்ட பின்னும் தீக்குழியின் பயன் இன்னதென எம்மால் வரையறுத்துக் கூற இயலவில்லை. எங்கே அமர்ந்தாலும் புகை எம் கண்ணுக்கே வருகிறது. அரசியாரிடம் முறையிட்டால், "தள்ளி உக்காருங்க அய்யா, காத்து மாறிடுச்சு" என்பதே விடை. ஆயினும் அரசியார் இப்பொழுது வயிறார உண்கிறார். துறையில் துணி வெளுப்போரும், மாலையில் எழும் புகையைக் கண்டால் கதை கட்டுவதில்லை.

ஆகவே ஏனாதியார்க்கு ஆணை. திரட்டிய படையைக் கலைத்து வீரரை அவரவர் காவலிடத்துக்கு அனுப்புக. இளவரசர் வரையனையும் அவர் துணைவரையும் கட்டவிழ்த்து, அவர்தம் படைக்கலங்களை அவர்தம் கையிலேயே தருக. கட்டை அவிழ்ப்பது உம் கையாகவே இருக்க வேண்டும். ஏவலர் செய்தால் அது மன்னிப்பு ஆகாது. தோழி கூதளியும் அவரோடு வந்திருந்தால், அவளுக்கு எத்தண்டனையும் கூடாது. அவர்கள் தலைநகர் வரும்வரை வழித்துணையாய் நீவிரே வருக.

நம் முத்திரையிட்ட ஓலையை இளவரசர் நம்ப மாட்டார் என்று அரசியார் ஐயுற்றார். ஆதலால் அவர் தம் வாயால் சொன்ன சொற்களைக் கீழே எழுதியுள்ளோம். இவற்றை அவைநடைக்கு மாற்றாமல், ஓரெழுத்தும் திருத்தாமல், இளவரசர் எதிரில் நின்று உரக்கப் படிக்க:

"டேய் வரையா, நான் உசுரோடதான் இருக்கேன். இங்க வெறகுதான் எரியுது, நான் எரியல. நம்பலன்னா இதக் கேளு. அப்பாவோட புதுக் கம்பளியப் பொசுக்குனது நீதான். பொறி பறந்துச்சுன்னு அப்பாகிட்டப் பொய் சொன்னது நான்தான். இது நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. நேத்து இந்த ஊர் ராசாகிட்டச் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு. வா. கத்திய இடுப்புல வச்சுக்கிட்டுக் குந்தாத, குத்தும்."

இதனைக் கேட்டு அவர் நகைத்தால், உம்மை இகழ்ந்ததாகக் கொள்ள வேண்டா. அழுதால், சூழ்ச்சியென்று ஐயுற வேண்டா. சற்றே முகம் திருப்பி நிற்க. அவர் எழுந்ததும் கணவாயின் இரு கதவுகளையும் திறந்துவிடுக.

ஆம்பல் முத்திரை பொறித்து, மன்னர் திருமுன் படித்துக் காட்டி, அரசியார் கேட்டுத் தலையசைத்தபின் கட்டி விடுத்த ஓலை இது. ஓலை சேர்ந்த இடத்தில் வாள் உறையில் அடங்குக. நாடு இரண்டும் நலம் பெறுக.

முத்திரை காக்கும் பேரமைச்சன்
தத்தங்கண்ணன் எழுத்து